ஸ்பீக்கர் ஒயர்: எந்தத் தடிமன், எந்த உலோகம், எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி முடித்தவர் கடைசியாக வந்து திணறும் இடம் ஒயர். பெட்டியோடு வந்த நூல் போன்ற ஒயரே போதும் என்பார் ஒருவர். விரல் தடிமனில் பின்னல் உறை போட்ட கேபிள் இல்லாமல் பாட்டே கேட்க முடியாது என்பார் இன்னொருவர். மின்வேலைக்கு வாங்கும் இரட்டை ஒயரை இழுத்துவிட்டு வேலையைப் பார் என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் சரியாக அமையும் வீடுகள் உண்டு, தவறாகப் போகும் வீடுகளும் உண்டு. எது எந்த வீட்டுக்கு என்று தீர்மானிக்க ஓர் அளவு தெரிந்தால் போதும்: ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வரை போய்த் திரும்பும் பாதையின் மொத்த மின்தடை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒயரும் ஸ்பீக்கரும் தொடர் இணைப்பில் இருக்கின்றன. ஆம்ப் தரும் மின்னழுத்தத்தில் ஒயர் தன் பங்கைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் ஸ்பீக்கருக்கு விடுகிறது. தின்னும் பங்கு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருந்தால் கவலையே வேண்டாம், வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பினால் தீர்ந்தது. ஆனால் ஸ்பீக்கரின் மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஒரே எண்ணில் நிற்பதில்லை. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் ‘8 ஓம்’ பெயரளவுக்கான எண்தான். அதே ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பான வூஃபரின் ஒத்ததிர்வு வரும் அதிர்வெண்ணில் 30 ஓம் வரை ஏறும். வேறோர் இடத்தில் 4 ஓமுக்கும் கீழே இறங்கும். பெயரளவில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கும் இறங்கக் கூடாது என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60268-5 தரநிலை. 8 ஓம் என்றால் 6.4 ஓம் அடிமட்டம். இதைக் கண்டுகொள்ளாமல் ‘8 ஓம்’ என்று அச்சிடும் தயாரிப்பாளர்கள் நிறைய.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் தாழ்ந்த புள்ளி 3.2 ஓம், உயர்ந்த புள்ளி 30 ஓம். ஒயரின் போக-வர மின்தடை 0.4 ஓம் என்றால், தாழ்ந்த இடத்தில் ஒலி 1 டெசிபல் குறையும், உயர்ந்த இடத்தில் 0.1 டெசிபல்தான் குறையும். ஆக, ஸ்பீக்கரின் ஒலிச் சமநிலையிலேயே 0.9 டெசிபல் கோணல் விழுந்துவிட்டது. அது அகலமான அலைவரிசையில் பரவியிருந்தால் கூர்ந்து கேட்பவர் காதுக்கு எட்டும். ஒயரை 0.1 ஓமுக்குக் குறைத்துவிட்டால் கோணல் கால் டெசிபலுக்குள் அடங்கிவிடும். உட்காரும் நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினாலே அதைவிடப் பெரிய மாற்றம் வரும்.

இந்த இடத்தில் விற்பனையாளர் ‘டேம்பிங் ஃபேக்டர்’ என்ற வார்த்தையை எடுப்பார். ஸ்பீக்கரின் ஓமை, அதற்கு முன்னால் ஆம்பிலும் ஒயரிலும் உள்ள ஓமால் வகுத்தால் வரும் எண் அது. ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு 0.04 ஓம் என்றால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த எண் 200. நடுவில் 0.1 ஓம் ஒயர் வந்தால் 57 ஆகச் சரியும். கேட்கும்போது நெஞ்சு பதறும். ஆனால் வூஃபரின் ஆட்டத்தை அடக்கும் மின்னோட்டம் ஆம்பையும் ஒயரையும் மட்டும் கடந்து போவதில்லை. வூஃபரின் சுருள் கம்பியையும் கடந்தாக வேண்டும். 8 ஓம் வூஃபரில் அந்தச் சுருளே ஏறக்குறைய 6 ஓம். அதனால் மொத்தச் சுற்றில் 6.04 ஓம் இருந்தது 6.14 ஆகிறது, அவ்வளவுதான். இரண்டு சதவீதம்கூட இல்லை. வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களோ இந்தப் பேச்சைக் கேட்கவே வேண்டியதில்லை. அவர்கள் ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பே பெரும்பாலும் 1 ஓமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், ஒயரின் 0.1 ஓம் அதில் கரைந்துபோகும்.

பரவலாகப் புழங்கும் விதி இது: ஒயரின் போக-வர மின்தடை ஸ்பீக்கரின் பெயரளவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓமுக்கு 0.4, 6 ஓமுக்கு 0.3, 4 ஓமுக்கு 0.2. இது வெளி எல்லை, இலக்கு அல்ல. மேலே போட்ட கணக்கில் கோணல் விழுந்தது இதே 0.4 ஓமில்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் கீழே உள்ள தூரங்களைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது.

மெல்லிழைச் செம்பு ஒயருக்கு ஐஇசி 60228 அனுமதிக்கும் உச்ச மின்தடையை வைத்துப் போட்ட கணக்கு இது. மீட்டருக்கு எவ்வளவு என்பது ஒரு கம்பிக்கு. தூரம் ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வரை, ஒருவழி.

0.5 சதுர மி.மீ: மீட்டருக்கு 39 மில்லி ஓம். 8 ஓமுக்கு 5 மீட்டர், 4 ஓமுக்கு 2.5 மீட்டர்.
0.75 சதுர மி.மீ: 26 மில்லி ஓம். 7.5 மீட்டர், 3.8 மீட்டர்.
1 சதுர மி.மீ: 19.5 மில்லி ஓம். 10 மீட்டர், 5 மீட்டர்.
1.5 சதுர மி.மீ: 13.3 மில்லி ஓம். 15 மீட்டர், 7.5 மீட்டர்.
2.5 சதுர மி.மீ: 7.98 மில்லி ஓம். 25 மீட்டர், 12.5 மீட்டர்.
4 சதுர மி.மீ: 4.95 மில்லி ஓம். 40 மீட்டர், 20 மீட்டர்.

சில கேபிள்களில் சதுர மி.மீட்டருக்குப் பதில் அமெரிக்க கேஜ் எண் இருக்கும். அதில் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்: 18 கேஜ் 0.82, 16 கேஜ் 1.31, 14 கேஜ் 2.08, 12 கேஜ் 3.31 சதுர மி.மீ. ‘16 கேஜ்’ என்று போட்டதை 1.5 என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் அது சற்று மெலிந்தது.

தூரத்தை அளக்கும்போது காற்றில் நேர்க்கோடு போடாதீர்கள். ஒயர் சுவரோரம் போகும், கதவு நிலையைச் சுற்றும், மேசைக்குப் பின்னால் இறங்கும். ஒரு கயிற்றை அந்த வழியிலேயே ஓட்டி அளந்து, இரு முனையிலும் அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை முன்னே இழுத்துத் துடைக்கவும், முனை கெட்டால் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவவும் அந்த அரை மீட்டர் தேவைப்படும்.

இனி, கைக்கு எட்டும் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

பெட்டியோடு வரும் ஒயரை எல்லாரும் ஏளனமாகத் தூக்கி எறிகிறார்கள். 0.5 சதுர மி.மீ செம்பாக இருந்து, மேசை மேல் வைக்கும் 8 ஓம் சிறு ஸ்பீக்கருக்கு 2 மீட்டர் ஓடினால், மின்தடை 0.16 ஓம்தான். தாராளமாகப் போதும். ஆனால் பெட்டி ஒயர் பல நேரம் 0.5 கூட இருக்காது. இழைகளைப் பிரித்தால் ஏழெட்டுத்தான் தேறும். அப்படியானதை மாற்றிவிடுவதே மேல். ஹோம் தியேட்டர் தொகுப்புகளில் ஒயரின் ஒரு முனையில் அந்த மாடலுக்கென்றே வார்த்த பிளக் இருக்கும். அதை முழுதாக எறிந்துவிட்டால் புது ஒயரை ஆம்பில் செருக வழியிருக்காது. பிளக்கோடு ஒரு சாண் ஒயரை விட்டு வெட்டி, அதில் புது ஒயரை இணைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, ‘ஸ்பீக்கர் கேபிள்’ என்றே விற்கப்படும் சாதாரண இரட்டை ஒயர். ஒளி ஊடுருவும் பிவிசி உறை, ஒரு பக்கம் கோடு அல்லது சிவப்பு. வீட்டு ஆடியோவுக்கு இதுவே முதல் தேர்வு. வளையும், சுவரோரம் ஒட்டி ஓடும், கோடு இருப்பதால் பிளஸ் மைனஸ் குழப்பம் வராது. பொல்லாத்தனம் ஒன்றுதான்: உள்ளே இருப்பது செம்பா, செம்புப் பூச்சு போட்ட அலுமினியமா என்பது வெளியே தெரியாது. விற்பவர்கள் இந்தப் பூச்சு ரகத்தை சிசிஏ என்பார்கள். குறைந்த செலவில் ஒயர் தேடுகிறவர் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும்.

சிசிஏ இழையில் பெரும்பகுதி அலுமினியம். மேலே மெல்லிய செம்புத் தோல். அதன் மின்கடத்துதிறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. எளிதாக நினைவில் வைக்க, 1.5 சிசிஏ என்பது 1 சதுர மி.மீ செம்புக்குச் சமம், 2.5 சிசிஏ என்பது 1.5 செம்புக்குச் சமம். மேலே உள்ள பட்டியலில் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். சொல்லி விற்றால், விலையும் அதற்கேற்றபடி இருந்தால், நகராமல் கிடக்கும் ஒயருக்கு அது தப்பான பொருளும் அல்ல. சொல்லாமல் விற்பதும், செம்பு விலைக்கு விற்பதும்தான் தப்பு.

மின்தடையைவிட முனைகளில்தான் அது கூடுதல் தொல்லை தரும். காற்றுப்பட்ட அலுமினியம் நொடியில் ஆக்சைடு போர்வை போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வை மின்சாரத்தைக் கடத்தாது. திருகு முனையில் இறுக்கினால் நாள்பட நசுங்கி வழிந்து பிடி தளரும். நாலைந்து முறை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்தினால் இழை ஒடியும்.  ஸ்பீக்கரை அடிக்கடி நகர்த்துகிற வீட்டில் சிசிஏ வேண்டவே வேண்டாம்.

கண்டுபிடிக்கும் வழிகள் பல. ஓர் இழையை உருவிக் கத்தியால் சுரண்டினால் சிசிஏவில் உள்ளே வெள்ளி நிறம் தெரியும், செம்பில் உள்ளேயும் செம்பேதான். வெள்ளீயப் பூச்சு போட்ட செம்பு இதற்கு நேர் எதிர்: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. வெள்ளையாக இருக்கிறதே என்று அதை அலுமினியம் என ஒதுக்கிவிடாதீர்கள், அது நல்ல பொருள். இன்னொன்று தீச்சோதனை. உறை நீக்கிய ஒற்றை இழையை இடுக்கியில் பிடித்து லைட்டர் சுடரில் காட்டினால், அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகுவதால் இழை சுருண்டு மணியாகி அறுந்துவிடும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். சிவக்குமே தவிர அறாது. பிவிசி உறை தீயில் படக் கூடாது, அந்தப் புகை கெட்டது.

வெட்டிப் பார்க்க அனுமதியில்லாத புதுச் சுருள் என்றால் தராசு போதும். 1.5 சதுர மி.மீ இரட்டை ஒயர் 100 மீட்டரில் செம்பு மட்டுமே 2.6 கிலோவுக்குக் குறையாது. உறை, அட்டைச் சக்கரம் எல்லாம் சேர்த்தே சுருள் அதற்குக் கீழே நின்றால், ஒன்று அது சிசிஏ, அல்லது சொன்ன தடிமன் இல்லை. மல்டிமீட்டர் உள்ளவருக்கு இன்னும் நேரான வழி உண்டு. இரண்டு மீட்டர் துண்டை அளக்க முயன்றால் சாதாரண மீட்டருக்கு அது எட்டாது, 0.1 ஓம்தான் அதன் கடைசி இலக்கம். முழுச் சுருளின் ஒரு முனையில் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்து, மறுமுனையில் அளவிடுங்கள். மீட்டரின் இரு முனைகளை ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 1.5 செம்பு 100 மீட்டருக்கு 2.7 ஓமுக்குள் வர வேண்டும். 4 ஓமைத் தொட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

செம்பேயானாலும் தடிமனில் ஏமாற்று நடக்கும். உறையைத் தடிப்பாக வார்த்து, உள்ளே மெலிந்த கம்பி வைப்பது பழைய வித்தை. 1.5 என்றால் 0.25 மி.மீ இழை 30 இருக்க வேண்டும், 2.5 என்றால் அதே இழை 50, அல்லது 0.2 மி.மீ இழை 79. இழையின் விட்டத்தை அளக்கக் கருவி இல்லையென்றால், ஓர் இழையைப் பென்சில் மேல் இடைவெளியின்றி 20 சுற்றுச் சுற்றி, அந்தச் சுருளின் நீளத்தை ஸ்கேலால் அளந்து 20-ஆல் வகுத்தால் போதும். 5 மி.மீ வந்தால் இழை 0.25.

மூன்றாவது, மின்வேலைக்கான ஒயர். 1.5 அல்லது 2.5 சதுர மி.மீ மெல்லிழைச் செம்பு இரட்டை ஒயர், தரச்சான்றுள்ள தயாரிப்பாக இருந்தால், ஒலிக்கு எந்தக் குறையும் வைக்காது. சொல்லப்போனால் செம்பின் அளவில் ஏமாற்று இதில் குறைவு, ஏனென்றால் மின்தடை வரம்பு தரநிலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ‘ஸ்பீக்கர் கேபிள்’ என்ற பெயருக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. உறை சற்று விறைப்பாக இருக்கும், தரையில் படிந்து கிடக்காது, அதுதான் குறை. உருண்டை உறைக்குள் மூன்று கம்பி உள்ளதே கையில் இருந்தால் இரண்டைப் பயன்படுத்தி, மூன்றாவதை இரு முனையிலும் வெட்டி டேப் சுற்றிவிடலாம். சுவருக்குள் போடும் ஒற்றைத் திண்மக் கம்பியை மட்டும் வாங்காதீர்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் நாலு முறை வளைந்தால் ஒடிந்துவிடும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்து உண்டு. பார்ப்பதற்கு அது மின்சார ஒயர் போலவே இருப்பதால், வீட்டில் யாரோ ஒருநாள் அதன் முனையில் சுவர் பிளக் மாட்டிவிடலாம். இரு முனையிலும் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதி ஒட்டுவது விளையாட்டான யோசனை அல்ல.

தனித்தனி ஒற்றை ஒயர்கள் இரண்டை வாங்குகிறவர்கள் அவற்றை ஒன்றோடொன்று முறுக்கித்தான் ஓட்ட வேண்டும், 4 - 5 செ.மீட்டருக்கு ஒரு முறுக்கு. சிவப்பை ஒரு சுவர் வழியும் கறுப்பை இன்னொரு சுவர் வழியும் கொண்டுபோனால் தூண்டல், அதாவது உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் குணம், ஏறும். ஒட்டிய இரட்டை ஒயரில் தூண்டல் மீட்டருக்கு ஏறக்குறைய 0.65 மைக்ரோ ஹென்றி. 5 மீட்டருக்கு, 20 கிலோஹெர்ட்ஸில், 4 ஓம் ஸ்பீக்கரில்கூட அதனால் வரும் இழப்பு 0.05 டெசிபல், யாருக்கும் கேட்காது. அதே ஒயர் 20 மீட்டர் ஓடினால் 0.7 டெசிபல். பிரித்து ஓட்டினால் குறைந்த தூரத்திலேயே அந்த அளவுக்கு வந்துவிடும். ஒயரைத் தடிமனாக்கி இதைச் சரிசெய்ய முடியாது, ஒட்டி வைத்தால்தான் தீரும்.

கணினி வலைப்பின்னலுக்கான எட்டுக் கம்பிக் கேபிள் வீட்டில் மிச்சம் கிடந்தால் அதுவும் உதவும். நான்கு ஜோடிகளிலும் உள்ள முழு நிறக் கம்பிகள் நான்கைப் பிளஸுக்கும், வெள்ளைக் கோடு போட்டவை நான்கை மைனஸுக்கும் சேர்த்தால் பக்கத்துக்கு 0.82 சதுர மி.மீ கிடைக்கும், 18 கேஜுக்குச் சமம். உறை நீக்கிச் சேர்க்கும் வேலை எரிச்சலானது. மலிவான வலைக் கேபிளிலும் சிசிஏ நிறைய உண்டு. சும்மா கிடந்தால் சரி. இதற்கென்று வாங்க வேண்டாம். இப்படிப்பட்ட கேபிள் நாலைந்தைச் சேர்த்துப் பின்னிப் போடுவது வேறு கதை. அதில் தூண்டல் விழும், ஆனால் மின்தேக்குத்திறன் பல மடங்கு எகிறும். வெளியீட்டில் காப்புச் சுருள் இல்லாத சில ஆம்ப்கள் அதைத் தாங்காமல் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் அலைந்து, சூடேறி, கெட்டே போகலாம்.

கடைசியாக, விலை உயர்ந்த கேபிள். அட்டையில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆக்சிஜன் நீக்கிய செம்பு, அதாவது ஓஎஃப்சி: சாதாரண மின்கம்பிச் செம்பு 99.9 சதவீதம் தூய்மை, கடத்துதிறன் 100 என்று வைத்தால் ஓஎஃப்சி 99.95 சதவீதம், கடத்துதிறன் 101. அந்த ஒரு சதவீதத்தை ஒயரைப் பத்து செ.மீ குறைத்து வெட்டினால் பெற்றுவிடலாம். ஆனாலும் ‘ஓஎஃப்சி’ என்ற எழுத்துக்கு ஒரு பயன் உண்டு: நேர்மையாக எழுதப்பட்டிருந்தால், உள்ளே அலுமினியம் இல்லை என்று அர்த்தம். அதற்காக அதைத் தேடலாம். வெள்ளி: செம்பைவிடக் கடத்துதிறன் 5 - 6 சதவீதம் கூடுதல். செம்பில் 1.5-க்குப் பதில் 2.5 எடுத்தால் 60 சதவீதத்துக்கு மேல் கிடைக்கும்போது வெள்ளிக்கு வேலையில்லை. தோல் விளைவு, அதாவது உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பில் ஒதுங்குவது: 20 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பில் இறங்கும் ஆழம் 0.47 மி.மீ, 1.5 சதுர மி.மீ ஒயரின் ஆரமே 0.7 மி.மீ. கேட்கும் அளவுக்கு அதில் ஒன்றும் நடப்பதில்லை. உறை மேல் அம்புக்குறி: ஒயரில் ஓடுவது மாறுமின்னோட்டம், நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறுவது. அம்பு எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றே.

இரட்டை ஒயரிங் என்று, வூஃபருக்கும் உச்ச ஒலிக்கான ட்வீட்டருக்கும் தனித்தனி ஜோடி இழுப்பதும் உண்டு. ஒரே ஆம்ப் முனையிலிருந்து இரண்டும் புறப்படுகிற வரை, அது தடிமனை ஏற்றிய ஒயர்தான். அதே செம்பை ஒரே தடித்த ஜோடியாகப் போட்டு, ஸ்பீக்கர் பின்னால் உள்ள இணைப்புத் தகட்டை அப்படியே விடலாம். தகடு கறுத்திருந்தால் துடைத்து இறுக்குங்கள்.

நடுத்தர விலை ஸ்பீக்கருக்கு அதன் விலையில் பாதிக்குக் கேபிள் வாங்குவதைச் சொல்லத்தான் நம்மிடம் பழமொழி இருக்கிறது: சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விலை உயர்ந்த கேபிளில் நிஜமாகவே கிடைப்பவை நல்ல உறை, நேர்த்தியான முனை வேலை, பார்வைக்கு அழகு. அவற்றுக்காக வாங்குகிறேன் என்று தெரிந்தே வாங்குகிறவரிடம் சண்டை ஏதும் இல்லை.

இடம் வலம் இரண்டுக்கும் ஒரே நீளம் வேண்டுமா என்பது ஓயாத கேள்வி. வேண்டாம். ஒயரில் சமிக்ஞை நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 5 மீட்டர் வித்தியாசம் 25 நானோ நொடி. அந்த நேரத்தில் காற்றில் ஒலி 0.01 மி.மீகூட நகராது. மின்தடை வித்தியாசம் மட்டும்தான் மிச்சம்: 1.5 ஒயர் ஒருபக்கம் 2 மீட்டர், மறுபக்கம் 7 மீட்டர் என்றால் 8 ஓமில் 0.14 டெசிபல். மிச்ச ஒயரைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைக்கத் தேவையில்லை. அந்த ஐந்து மீட்டரை அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயரைவிட அதிகம் கெடுவது முனைகள்தான். ஸ்பிரிங் கிளிப் உள்ள ஆம்புக்கு 2.5 ஒயர் வாங்கினால் துளைக்குள் நுழையாது. நுழைப்பதற்காக இழைகளில் பாதியை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு, அதைவிட 1.5 வாங்கியிருக்கலாம், அல்லது ஊசி முனை மாட்டலாம். திருகு முனைகளில் வெறும் கம்பியே மிக நல்ல இணைப்பு. 10 - 12 மி.மீ சீவி, இழைகளை இறுக முறுக்கி, துளையில் விட்டு இறுக்க வேண்டும். ஓர் இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பக்கத்து முனையை அது தொட்டால் ஆம்பின் காப்புச் சுற்று துண்டித்துக்கொள்ளும், காப்பு இல்லாத ஆம்பில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் போகும். முனைக்கு ஈயம் பூசிவிட்டால் இழை பிரியாதே என்று தோன்றும். திருகு முனைக்கு அது ஆகாது. ஈயம் மெத்தென்றது, அழுத்தத்தில் மெல்ல வழிந்துவிடும், சில மாதத்தில் திருகு தளர்ந்திருக்கும். இழைகளைக் கட்டிவைக்க வேண்டுமென்றால் நசுக்கிப் பொருத்தும் குழல் முனை சரியானது.

ஒயர் முனையில் மாட்டிச் செருகும் பனானா பிளக் ஒலியை உயர்த்தாது, வசதியை உயர்த்தும். அடிக்கடி கழற்றி மாட்டுகிறவருக்கும், ஆம்பின் பின்பக்கம் கை நுழையாதவருக்கும் அது தகும். பக்கவாட்டில் சிறு திருகு வைத்துக் கம்பியை அமுக்கும் ரகம் ஒருவாரம் கழித்து ஒருமுறை இறுக்கப்பட வேண்டும். பல ஆம்ப்களில் திருகு முனையின் நடுத்துளை பிளாஸ்டிக் மூடியால் அடைத்து வரும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பியச் சுவர் சாக்கெட் துளைகளுக்குள் பனானா பிளக் நுழைந்துவிடும் என்பதால் இப்படி அடைத்து அனுப்புகிறார்கள். நெம்பி எடுத்துவிடலாம், ஆனால் சுவர் சாக்கெட் பற்றிய எச்சரிக்கை சிறுவர் உள்ள எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

சில ஆண்டு ஆனதும் ஒளி ஊடுருவும் உறைக்குள் செம்பு பச்சையாகும். முனையில் மட்டும் இருந்தால் ஐந்து செ.மீ வெட்டி எறிந்து புதிதாகச் சீவினால் போதும்.

இனி எதை எடுப்பது? ஆம்பின் இருபுறமும் நிற்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒயர் 3 - 4 மீட்டருக்குள் என்றால் 1.5 செம்பு, 4 ஓம் ஸ்பீக்கருக்கும் அதே 1.5 போதும், ஏனென்றால் 4 மீட்டரில் அதன் போக-வர மின்தடை 0.1 ஓமை ஒட்டித்தான் நிற்கிறது. 5 முதல் 10 மீட்டர் என்றால் 2.5. அறையைச் சுற்றிப் பின்பக்கச் சரவுண்ட் ஸ்பீக்கருக்கு 15 மீட்டர் போகிறதா? 8 ஓமானால் 2.5 போதும், 4 ஓமானால் 4 சதுர மி.மீ. சரவுண்டில் பெரிய பாஸ் வேலை இல்லாததால் இங்கே கஞ்சத்தனம் காட்டினாலும் பெரிதாகத் தெரியாது. முன்பக்க ஜோடியில் காட்டாதீர்கள். சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபருக்கு ஸ்பீக்கர் ஒயரே வேண்டாம், பெருக்காத சமிக்ஞையைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள்தான். சுவருக்குள் புதைப்பதானால் அந்த ஊர்க் கட்டட விதி கேட்கும் தீத்தடுப்பு மதிப்பு உறையில் அச்சிட்டிருக்க வேண்டும். புதைத்ததைப் பிறகு மாற்ற முடியாது என்பதால் அங்கே மட்டும் கணக்குச் சொல்வதற்கு ஒரு படி மேலே போவது தகும்.

இழுத்து முடித்து ஆம்பை ஆன் செய்யும் முன் இரண்டு சோதனைகள். இரண்டுக்கும் ஆம்ப் முனையிலிருந்து ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும். முதலில் மல்டிமீட்டரை அந்த இரு கம்பிகளில் வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5.5 முதல் 7 வரை ஏதோ ஓர் எண் வரும், 4 ஓமுக்கு 3 - 4. சுழியை ஒட்டி வந்தால் எங்கோ இழைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன; எண்ணே வராவிட்டால் எங்கோ பிடி விட்டிருக்கிறது. இரண்டாவது, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைப் பிளஸ் கம்பியிலும் மைனஸ்ஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் வூஃபர் கூம்பு முன்னே தள்ள வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே இழுத்தால் அந்த ஒயரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால் பாஸ் மெலிந்து, பாடுபவர் குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் சிதறும். பழி கேபிள் மேல் விழும்.